உள்பக்கம் பார்க்காமல் வாங்கிய கார்

2023 ஜூன் மாதம் சேலத்தில் ஒரு பழைய கார் வாங்கினேன். 2014ஆம் ஆண்டு வண்டி, பெட்ரோல், இரண்டாவது உரிமையாளர், மீட்டரில் 41,000 கிலோமீட்டர், விலை 2,70,000 ரூபாய். வாங்கிய பன்னிரண்டாவது நாள் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது, வண்டி நிற்கவில்லை. அன்று வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. அதைவிட, வாங்குவதற்கு முன்பு என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லவும் எனக்கு யாரும் இல்லை. அந்த இரண்டாவது குறையாவது இன்னொருவருக்கு இருக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வாழப்பாடிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. மூட்டுவலியால் பஸ் படி ஏற முடியாது. மாதம் இரண்டு முறை சேலத்துக்கு மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். வாடகைக் காருக்கு ஒவ்வொரு முறையும் 1,500 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. சேமிப்பில் இருந்த பணத்தோடு கூட்டுறவுச் சங்கத்தில் கொஞ்சம் கடனும் வாங்கி இந்த வண்டியைப் பிடித்தேன். ஓட்டுநர் உரிமம் ஆறு வருடமாகக் கையில் இருந்தது. ஓட்டிய அனுபவம் குறைவு.

வண்டி பார்க்கப் போன அன்று நான் என்னவெல்லாம் பார்த்தேன் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் வண்டியின் எண்ணும் ஒன்றா என்று பார்த்தேன். இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, கடன் பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன். கதவுகளைத் திறந்து மூடினேன், ஏ.சி. போட்டுப் பார்த்தேன், பெயிண்டில் கீறல் தேடினேன். டயர் நான்கும் கன்னங்கரேலென்று பளபளத்தன. "டயர் நன்றாக இருக்கிறது மேடம், இன்னும் இரண்டு வருடம் ஓடும்" என்றார் விற்றவர். நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். பட்டன், அதாவது டயரின் மேல்வரிகள், ஆழமாகத்தான் தெரிந்தது. பிறகு இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார், நானும் ஓட்டினேன். சமதளச் சாலை, முப்பது கிலோமீட்டர் வேகம். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. பேரம் பேசி 15,000 ரூபாய் குறைத்துவிட்ட சந்தோஷத்தில் அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

ஏற்காட்டில் அக்கா இருக்கிறாள். ஒரு வாரம் அம்மா அங்கே இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுபோய் விட்டேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாலை நான்கு மணிக்குத் தனியாக இறங்கினேன். சேலம் போகும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். நான் மூன்றாவது கியரில், பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். அது என் தவறு. இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சினையே பிடிமானமாக வைத்து இறங்க வேண்டும், பிரேக்கை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் நல்ல பிரேக் உள்ள வண்டி இந்தத் தவறைக் கொஞ்ச தூரமாவது பொறுத்துக்கொண்டிருக்கும்.

பாதி வளைவு இறங்கியதும் ரப்பர் கருகுவது போல ஒரு வாடை வந்தது. முன்னால் போன வேனிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் பெடல் மெத்தை போல அமுங்கியது. அடுத்த வளைவுக்குள் திரும்பும்போது தூறல் பிடித்தது. மிதித்தேன், கால் தரையைத் தொட்டது. விட்டு விட்டு மூன்று முறை மிதித்ததும் வேகம் லேசாகக் குறைந்தது, நிற்கவில்லை. முன் சக்கரம் ஈரத்தில் வழுக்கி வண்டி வெளிப்பக்கமாக இழுத்தது. இரண்டாவது கியருக்கு மாற்றினேன், எஞ்சின் அலறியது. கை பிரேக்கை இழுத்தேன், அது எந்தப் பிடிப்பும் இல்லாமல் கடைசிவரை மேலே வந்தது. முதல் கியரைத் திணித்தேன். மலைப்பக்கமாகச் சாலை வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் கண்ணில் பட்டது. அதில் கொண்டுபோய் ஏற்றினேன். வண்டி நின்றது. எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. விரல்கள் தானாகப் பிரிய வெகுநேரம் ஆனது. அம்மா இந்த நேரத்தில் பின் இருக்கையில் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் வாய்விட்டு அழுதேன்.

முன் சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதற்குள் மரம் ஏற்றி வந்த லாரி ஒன்று நின்று, ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். "தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள் அம்மா, சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும், வெடித்தாலும் வெடிக்கும். தானாக ஆறட்டும்" என்றார். கிளீனர் பையனைக் கூப்பிட்டு பின் சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொன்னார். வண்டியை கியரிலேயே விட்டுவைக்கச் சொன்னார். ஆறிய பிறகு பெடல் பழையபடி வந்துவிடும், அதை நம்பி இறக்கிவிடாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள் என்று இரண்டு முறை அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை. சேலத்திலிருந்து இழுவை வண்டி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருட்டும் வரை மதில் ஓரத்தில் குரங்குகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. மறுநாள் காலை பெடல் கல் போல இருந்தது. விற்றவருக்குப் போன் செய்தேன். அவரே வந்து மிதித்துப் பார்த்துவிட்டு, "பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது, உங்களுக்கு மலையில் ஓட்டத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதிலை எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன்தான் பிறகு சொல்லித்தந்தார். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற வகைப் புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் சக்கரத்தின் சூடு ஆயிலுக்கு ஏறி, ஈரம் கொதித்துக் குமிழ் விடும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் அந்தக் குமிழ்தான் நசுங்குகிறது, சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேருவதில்லை. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் திரும்பி வந்துவிடும். என் வண்டியின் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் இருக்கும் சின்ன டப்பாவைக் காட்டினார். இளந்தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, எத்தனை வருடம் மாற்றாமல் இருந்ததோ. வாங்கிய அன்று பானட்டைத் திறந்து எஞ்சின் துடைத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, அந்த டப்பாவைப் பார்க்கவில்லை. மூடியைத் திறக்கக்கூட வேண்டாம், வெளியிலிருந்து டார்ச் அடித்தாலே நிறம் தெரியும்.

பிறகு அவர் முன் சக்கரங்களைக் கழற்றினார். கழற்றுவதற்கு முன் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, "இங்கே வந்து உட்கார்ந்து பாருங்கள் டீச்சர்" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். வெளியிலிருந்து பார்க்கும்போது ஆழமாக இருந்த அதே டயரின் உள்விளிம்பு மூன்று விரல் அகலத்துக்கு மொட்டையாக இருந்தது. ஓரிடத்தில் உள்ளே இருக்கும் நூல் பிசிறு பிசிறாக வெளியே தெரிந்தது. சக்கரத்தின் கோணம் தவறி, வண்டி உள்விளிம்பிலேயே ஓடித் தேய்ந்திருக்கிறது. நின்றபடி பார்ப்பவர் கண்ணுக்கு அது எந்தக் காலத்திலும் தெரியாது. அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அன்று நான் பார்த்தது முழுவதும் என் பக்கம் திரும்பியிருந்த முகம் மட்டும்தான்.

பிரேக் பேடிலும் அதே கதை. சக்கரத்தோடு சுற்றும் தட்டு டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் கட்டை பேட். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேட். சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் வெளிப் பேட் மட்டும்தான் தெரியும். என் வண்டியின் இடது முன் சக்கரத்தில் வெளிப் பேட் 6 மில்லிமீட்டர் இருந்தது. உள் பேட் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பர் நகர்வதற்கு உள்ள பின் (pin) துருப்பிடித்து இறுகியதால் உள் பேடே எல்லா வேலையும் செய்து தேய்ந்திருக்கிறது. புதிய பேட் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்றார். டிஸ்க்கின் ஓரத்தில் என் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் ஒரு மேட்டில் தட்டி நின்றது. பேட் படாத ஓரம் மட்டும் பழைய கனத்தில் நிற்க, மற்ற இடமெல்லாம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. எவ்வளவு கனம்வரை தேயலாம் என்ற அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளந்தபோது என்னுடையது அதற்கும் கீழே இருந்தது.

பின் சக்கரத்தில் டிஸ்க் கிடையாது, டிரம் என்ற உருளைக்குள் ஷூ என்ற கட்டைகள் விரிந்து பிடிக்கும். அந்த டிரம்மைக் கழற்றியபோது உள்ளே பிரேக் தூசியும் ஆயிலும் குழைந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ நனைந்திருக்கிறது. நனைந்த ஷூ டிரம்மைப் பிடிக்காது. கை பிரேக் வேலை செய்வதும் இந்தப் பின் ஷூக்களை வைத்துத்தான். நான் இழுத்தும் அது வண்டியைப் பிடிக்காததற்குக் காரணம் அப்போது தெரிந்தது. சக்கரத்தின் உள்பக்கத் தகட்டிலும் டயரின் உள் சுவரிலும் அந்த ஈரக்கறை வடிந்திருந்தது. குனிந்து டார்ச் அடித்திருந்தால் வாங்கிய அன்றே கண்டிருக்கலாம்.

டயரின் வயதை நான் சுத்தமாக மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டும் வருடம். என் டயரில் 1817 என்று இருந்தது. 2017ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரத்தில் செய்தது. இந்த எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுமையாக இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருந்தால் வெளியிலிருந்து தேடினாலும் கிடைக்காது. எனக்கு நான்கும் உள்ளேதான் இருந்தன. ஆறு வயதான டயர் என்பதைவிட இந்த எண் இன்னொரு உண்மையைச் சொன்னது. "2014 வண்டிக்கு மூன்றே வருடத்தில் டயர் மாற்றியிருக்கிறார்கள். அப்படி ஓடிய வண்டி ஒன்பது வருடத்தில் 41,000தான் ஓடியிருக்குமா டீச்சர்?" என்று கேட்டார் அண்ணன். முதல் டயரே சாதாரணமாக நாற்பதாயிரம் தாண்டும் என்றார். கூடவே பிரேக் பெடலின் ரப்பரைக் காட்டினார். வரிகள் அழிந்து வழவழவென்று இருந்தது. நான் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொல்லி விசாரித்தேன். 2019இல் சர்வீசுக்கு வந்தபோதே 68,000 கிலோமீட்டர் என்று பதிவாகியிருந்தது. அன்று வந்த கோபம் இன்னும் முழுவதும் ஆறவில்லை. வண்டி வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஒரு போன் செலவு.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டயர் நான்கு 16,800, அலைன்மெண்டும் பேலன்சிங்கும் 1,000, டிஸ்க் இரண்டு 4,200, பேட் 1,900, பின் ஷூ 1,300, வீல் சிலிண்டர் 1,100, பிரேக் ஆயில் 450, காலிப்பர் பின்னும் புஷ்களும் 1,800, கூலி 2,400, இழுவை வண்டி 3,500. மொத்தம் 34,450 ரூபாய். மூன்று நாள் விடுப்பு தனி. இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் விலையில் முப்பதாயிரம் குறைத்திருப்பேன், அல்லது அந்த வண்டியே வேண்டாம் என்று வந்திருப்பேன்.

இப்போது யாராவது கேட்டால் நான் இப்படிச் சொல்கிறேன். காலையில், எஞ்சின் சூடாகாதபோது, வெயில் வெளிச்சத்தில் போங்கள். டார்ச் ஒன்றும் மண்டியிட ஒரு பழைய செய்தித்தாளும் கொண்டுபோங்கள். டயருக்கு பாலிஷ் அடித்திருந்தால் ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். பக்கச் சுவரில் மயிர்க்கோடாக வெடிப்பு இருந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது என்று பொருள். கட்டி போல் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது, அந்த டயரை ஒரு நாளும் நம்பக்கூடாது. என் ஸ்டெப்னியில் அப்படி ஒரு புடைப்பு இருந்தது. ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சின்ன மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், சட்டம் அனுமதிக்கும் எல்லை அதுதான். உள்ளங்கையால் டயரைத் தடவிப் பாருங்கள். இரண்டு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறார்கள், நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். இருபக்கமும் ஸ்டியரிங்கை ஒடித்து உள்விளிம்பைப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

பெடலுக்கு இரண்டு சோதனை, இரண்டுக்கும் வண்டியை நகர்த்தவே வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது நாலைந்து முறை மிதித்தால் பெடல் இறுகும். அப்படியே காலை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும், இறங்கினால், மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகு எஞ்சின் ஓடும்போது அரை நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்துக்கொண்டிருங்கள். பெடல் தானாக நழுவி இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியென்றால் சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் எரிந்து அணையாததைவிடக் கவலைப்பட வேண்டும், கோளாறை மறைக்க விளக்கையே கழற்றியிருக்கலாம்.

ஓட்டும்போது பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், விற்பவரைப் பேசாமல் வரச் சொல்லுங்கள். காலியான சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி பிரேக் போடுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் இரு பக்கமும் பிரேக் சமமாகப் பிடிக்கவில்லை. ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் சமமாக இல்லை. கை பிரேக்கை ஒரு மேட்டில் நிறுத்தித்தான் சோதிக்க வேண்டும். இறங்கியதும் நான்கு சக்கரத்துக்கும் அருகில் உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. கடைசியாக, தெரிந்த பட்டறையில் கூலி கொடுத்து நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். இதற்கு விற்பவர் முகம் சுளித்தால் நான் அதோடு பேச்சை முடித்துக்கொள்வேன்.

அம்மாவை ஏற்காட்டிலிருந்து அழைத்து வர மூன்று வாரம் ஆயிற்று. வேலையெல்லாம் முடிந்த பிறகும் எனக்குத் துணிவு வரவில்லை. போகும்போது பட்டறை அண்ணனும் கூட வந்தார். இறங்கும்போது நான்தான் ஓட்டினேன், இரண்டாவது கியரில், ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் மிதித்து விட்டு, மிதித்து விட்டு. ஜல்லிக் குவியல் இருந்த இடத்தில் தார் போட்டு முடித்திருந்தார்கள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

போன மாதம் எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் ஆத்தூரில் ஒரு வண்டி பார்க்கப் போனார். நானும் உடன் போனேன். செய்தித்தாளை விரித்து நான்கு சக்கரத்தடியிலும் மண்டியிட்டோம். விற்றவர் பெரியவர், ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர். நாங்கள் கேட்பதற்கு முன்பே ஸ்டியரிங்கை ஒடித்துக் காட்டி, "வலது முன் டயர் உள்ளே தேய்ந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விற்க எனக்கு மனசு வராது" என்றார். அதற்கும் சேர்த்து ஒரு விலை பேசி, டயர் தேய்மானத்தையும் விற்பனைச் சீட்டில் ஒரு வரியாக எழுதிக்கொண்டு வண்டியை எடுத்து வந்தோம்.